அருங்காட்சியகங்களில் தொண்டர் பணி: ஊதியம் இல்லை, செலவு உண்டு

1814-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், நாதனியல் வாலிச் என்னும் டென்மார்க் நாட்டுத் தாவரவியல் அறிஞர் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். கழகம் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவ வேண்டும். தம்மிடம் இரட்டையாக உள்ள மாதிரிகளை அதற்குத் தாம் அளிப்பதோடு, அதைப் பேணும் பொறுப்பையும் ஏற்கத் தயார் என்பதே அக்கடிதத்தின் சாரம். கழகம் இசைந்தது. வாலிச் மதிப்புறு காப்பாளராக அமர்த்தப்பெற்றார். நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகமான இந்திய அருங்காட்சியகம் இவ்வாறு ஒரு தொண்டரின் முயற்சியால் தோன்றியது.

அடுத்து நிகழ்ந்ததும் கருதத்தக்கது. வாலிச் விலகிய பின்னர் வந்த காப்பாளர்களுக்கு மாதம் 50 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை ஊதியம் வழங்க வேண்டியதாயிற்று. 1836-ஆம் ஆண்டு வரை அதைக் கழகமே ஏற்றது; பின்னர் அரசின் பொது நிதி கைகொடுத்தது. ஆர்வம் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவிக்க வல்லது. ஆனால் அதை நாள்தோறும் நடத்திச் செல்ல நிதியும் ஒழுங்கும் தேவை. தொண்டர்களை ஈடுபடுத்த எண்ணும் ஒவ்வொரு அருங்காட்சியகமும் நினைவில் இருத்த வேண்டிய முதற் பாடம் இது.

தேவையின் அளவு

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 49-ஆவது பிரிவு கூறுகிறது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 51-அ பிரிவோ, நாட்டின் பன்முகப் பண்பாட்டு மரபைப் போற்றிப் பேணுவதைக் குடிமகனின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆக, மரபைக் காக்கும் பணி அரசும் குடிமக்களும் சேர்ந்து சுமக்க வேண்டிய ஒன்றாகும்.

இச்சுமையின் அளவைச் சில எண்கள் காட்டும். இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் ஏறத்தாழ 3,700 நினைவுச் சின்னங்கள் உள்ளன. இவற்றுள் 248 இடங்களில் மட்டுமே, மொத்தம் 2,578 காவலர்களை அமர்த்த இயன்றது என்பது 2022-ஆம் ஆண்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றின் அறிக்கையில் வெளிவந்த செய்தி. அதற்கு முன்பு, 2013-ஆம் ஆண்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 1,655 சின்னங்களை நேரில் ஆய்வு செய்வித்தபோது 92 சின்னங்களைக் காண முடியவில்லை. பின்னர் அவற்றுள் 42 கண்டறியப்பட்டன. 14 நகர விரிவாக்கத்திலும், 12 நீர்த்தேக்கங்களிலும் மறைந்திருந்தன. 24 சின்னங்கள் இருந்த இடமே அறியக் கூடவில்லை.

இருக்கும் இடம் தெரியாமற்போன ஒரு கல்லறையோ மைல்கல்லோ ஒரே இரவில் மறைந்திருக்க இயலாது. பக்கத்துத் தெருவில் வாழ்ந்தவர்கள் அதன் அழிவைப் படிப்படியாகக் கண்டிருப்பார்கள். அதை எவரிடம் தெரிவிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிவிக்குமாறு எவரும் அவர்களைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இத்தகைய நிலையில்தான் தொண்டர் பணியின் உண்மையான பயன் விளங்குகிறது. காவலர் இல்லாத இடங்களுக்குத் தொண்டர்களைக் காவலுக்கு அனுப்புவது தீர்வாகாது. அது முறையும் அன்று. ஆனால் ஆண்டுக்கு இருமுறை சென்று பார்த்து, படம் எடுத்து, குறித்த படிவத்தில் குறிப்பு எழுதி அனுப்பும் உள்ளூர்வாசி ஒருவர் இருந்தால், ஒரு சின்னம் எவரும் அறியாமல் அழிய வழியில்லை.

சட்டப் பாதுகாப்பு இல்லாத மரபுச் சின்னங்கள் இவற்றினும் பன்மடங்கு மிகுதி. இன்டாக் என்று சுருக்கமாக வழங்கும் இந்தியக் கலை, பண்பாட்டு மரபு தேசிய அறக்கட்டளை 1984-ஆம் ஆண்டில் தோன்றியது இந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்பத்தான். அதன் கிளைகள் நாடெங்கும் இருநூறுக்கு மேல் உள்ளன; கிளையின் அமைப்பாளர்கள் மதிப்புறு நிலையில் பணிபுரிகின்றனர். பழைய வீடுகள், குளங்கள், சத்திரங்கள் முதலியவற்றைப் பட்டியலிடும் பணி உள்ளூர் அறிவைப் பெரிதும் சார்ந்தே நடைபெறுகிறது.

இலவச உழைப்பு என்னும் மயக்கம்

தொண்டர்களை வரவேற்கும் நிறுவனங்கள் பல, அவர்களது உழைப்பு செலவின்றிக் கிடைப்பது என்று கருதிவிடுகின்றன. இது பொருளியல் நோக்கில் பிழையான கணக்கு. தொண்டருக்கு ஊதியம் இல்லை என்பது மெய்யே. ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கவும், பயிற்றவும், மேற்பார்வையிடவும் ஊழியர்களின் நேரம் செலவாகிறது. தொண்டரும் வேறு வகையில் பயன்படுத்தக்கூடிய தம் நேரத்தையே இங்கே முதலீடு செய்கிறார். அந்நேரம் வீணாவதாக உணர்ந்தால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். அவரைத் தடுத்து நிறுத்தும் ஒப்பந்தம் ஏதுமில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதை விளக்கலாம். ஒரு மாவட்ட அருங்காட்சியகம் 20 தொண்டர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது எனக் கொள்வோம். ஒருவர் வாரத்திற்கு 4 மணி நேரம் வீதம் ஆண்டில் 48 வாரங்கள் பணிபுரிந்தால் 192 மணி நேரம் ஆகும். பயிற்சிக்குப் பின் அவர்களைக் கவனிப்பார் இல்லையென்றால், 15 பேர் இரண்டு மாதங்களில், அதாவது தலைக்கு 32 மணி நேரம் உழைத்தபின் விலகிவிடக்கூடும். எஞ்சிய ஐவர் அளிப்பது 960 மணி. விலகியவர்கள் அளித்தது 480 மணி. மொத்தம் 1,440 மணி நேரம்.

அதே நிறுவனம் ஓர் அலுவலரை வாரம் 6 மணி நேரம் தொண்டர்களின் பொருட்டே ஒதுக்குகிறது என்போம். ஆண்டில் இது 288 மணி. இதன் பயனாக 16 பேர் நிலைத்து, நால்வர் மட்டும் விலகினால், கிடைக்கும் உழைப்பு 3,200 மணி நேரம். பயிற்சிச் செலவு இரு நிலையிலும் ஒன்றே. 288 மணி மேற்பார்வை 1,760 மணி நேர உழைப்பைக் கூடுதலாக ஈட்டித் தருகிறது. அதாவது அலுவலரின் ஒரு மணிக்கு ஆறு மணி நேரம். எண்கள் இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் மேற்பார்வையில் காட்டும் சிக்கனம் பயிற்சிக்குச் செய்த செலவையும் சேர்த்தே இழக்கச் செய்யும் என்னும் உண்மை மாறாது.

வேலையை வரையறுத்தல்

தொண்டர் விலகுவதற்கான காரணங்களுள் முதன்மையானது, தாம் செய்ய வேண்டியது யாது என அவருக்குத் தெரியாமையே. ஆர்வத்துடன் வந்த ஒருவரை ஒரு மூலையில் அமர்த்தி, “ஏதேனும் வேலை இருந்தால் சொல்கிறோம்” என்பது அவரைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். எனவே ஆளைத் தேடுவதற்கு முன் வேலையை எழுத்தில் வரையறுக்க வேண்டும். பணி யாது, வாரத்தில் எத்தனை மணி நேரம், எவரிடம் பொறுப்புக் கூற வேண்டும், எவற்றைச் செய்யலாகாது என்னும் நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும்.

பணிகளை அவற்றிலுள்ள இடர்ப்பாட்டிற்கேற்ப மூன்று வகையாகப் பிரிப்பது நலம். பார்வையாளருக்கு வழிகாட்டுதல், பள்ளிச் சிறுவர்க்குக் கதை சொல்லுதல், நூலகத்தை ஒழுங்குபடுத்துதல் போன்றவை முதல் வகை. பழைய பதிவேடுகளைப் படியெடுத்தல், நிழற்படங்களுக்குக் குறிப்பு எழுதுதல் முதலியவை இரண்டாம் வகை. இவை ஊழியரின் கண்பார்வையில் நடைபெற வேண்டும். அரும்பொருள்களைக் கையாளுதல், வேதிப்பொருள் கொண்டு தூய்மை செய்தல், சேமிப்பறையின் சாவியை வைத்திருத்தல் ஆகியவை மூன்றாம் வகை. இவை பொறுப்பான ஊழியரிடமே இருக்க வேண்டும். ஒரு பொருள் காணாமற்போனால் பழி யார்மேல் விழும் என்னும் அச்சத்திலிருந்து தொண்டரைக் காப்பதும் இந்த வரையறையே.

தேர்வும் பயிற்சியும்

புதுதில்லியில் 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அத்தனைக்கும் விளக்கம் அளிக்க ஊழியர்களால் மட்டும் இயலாது. தன்னார்வ வழிகாட்டிகளைப் பயிற்றுவித்துக் காட்சிக்கூடங்களைச் சுற்றிக் காட்டச் செய்யும் முறை அங்கே கையாளப்பட்டது. ஒரு சிற்பத்தின் முன் பத்து நிமிடம் நின்று பேசக்கூடிய வழிகாட்டி, பெயர்ப் பலகையில் அடங்காத பலவற்றைப் பார்வையாளருக்கு உணர்த்துகிறார்.

பயிற்சி மூன்று கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும். முதலாவது, நிறுவனத்தின் வரலாறும் நோக்கமும். இரண்டாவது, பொருள்களின் இயல்பு. குடத்தைக் கைப்பிடியில் தூக்கலாகாது, அடியைத் தாங்கி இரு கைகளாலும் எடுக்க வேண்டும். ஓலைச்சுவடி, துணி ஆகியவற்றின்மேல் விழும் ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது. சேமிப்பறையில் மைப்பேனாவுக்கு மாறாகப் பென்சிலையே பயன்படுத்த வேண்டும் என்பன போன்ற விதிகளைத் தொண்டர் அறிய வேண்டும். அவற்றின் காரணங்களையும் சேர்த்துச் சொன்னால் அவரே பார்வையாளருக்கு அவற்றை எடுத்துரைப்பார். மூன்றாவது, பார்வையாளருடன் பழகும் பாங்கு. அறியாத வினாவுக்குப் புனைந்து விடை கூறாமல், கேட்டுச் சொல்வதாக ஏற்கும் நேர்மையே வழிகாட்டிக்கு முதல் தகுதி. பயிற்சிக்குப் பின் மூன்று மாத காலம் சோதனைக் காலமாக இருத்தல் இரு தரப்பிற்கும் நன்மை தரும்.

இளைஞர்களைப் பொறுத்தவரை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆயத்தமான வாயில் ஒன்றைத் திறந்து வைத்துள்ளது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டத்தில், ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அருகிலுள்ள அருங்காட்சியகம் இந்நேரத்தில் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறலாம். ஆனால் சான்றிதழுக்காக மணியை எண்ணி வரும் மாணவருக்கும், பணி ஓய்வுக்குப் பின் மனநிறைவு நாடி வரும் ஆசிரியருக்கும் ஒரே வேலையைத் தருவது பொருந்தாது. முன்னவருக்குக் குறுகிய காலத்தில் முடிவு தெரியும் பணியும், பின்னவருக்குத் தொடர்ந்து வளரும் பணியும் ஏற்றவை.

கேட்பவரின் சுமை

தொண்டர் பணியில் பயிற்சியும் ஆதரவும் எத்துணை இன்றியமையாதவை என்பதற்குப் பிரிவினை நினைவுகளைத் திரட்டும் முயற்சி நல்ல எடுத்துக்காட்டு. 1947-இல் எல்லை கடந்து வந்தவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் ‘1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்’ என்னும் அமைப்பு, பொதுமக்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களைக் குடிமக்கள் வரலாற்றாளராக ஆக்கியது. இணையவழி இலவசப் பயிற்சி பெற்றபின், தத்தம் ஊரிலுள்ள முதியவர்களைச் சந்தித்து அவர்கள் பேட்டி பதிவு செய்தனர். திரட்டப்பட்ட நினைவுகள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை. ஊதியம் பெறும் ஆய்வாளர்களை மட்டுமே நம்பியிருந்தால், அம்முதியவர்களுள் பலர் தம் நினைவுகளுடனேயே மறைந்திருப்பர்.

இத்தகைய பணியில் ஒரு வடிவ ஒழுங்கு தேவை: பேசுபவரின் இசைவை எழுத்தில் பெறுதல், ஒரே வரிசையில் வினாக்களைக் கேட்டல், பதிவைப் பிழையின்றிப் பெயரிட்டு அனுப்புதல் ஆகியவை. அதனினும் முக்கியமானது, கேட்பவரின் மனநிலை. கொலையும் பிரிவும் நிறைந்த ஒரு வாழ்வை மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு வீடு திரும்பும் இருபது வயது இளைஞருக்கு, அதைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் வேண்டும். பேட்டிக்குப் பின் மூத்த அலுவலர் ஒருவர் அவருடன் அரைமணி நேரம் உரையாடுவதை வேலையின் பகுதியாகவே வைக்க வேண்டும். ஆதரவு என்னும் சொல்லுக்கு இங்கே பொருள் இதுவே.

ஊழியரும் தொண்டரும்

தொண்டர் திட்டங்கள் பல தோல்வியுறுவது வெளியிலிருந்து வரும் இடையூற்றால் அன்று. நிறுவனத்திற்குள் எழும் ஐயத்தினாலேயே. நிரப்பப்படாத பணியிடங்கள் மிகுந்துள்ள நிலையில், தொண்டர்கள் வருவதைக் கண்ட கடைநிலை ஊழியர், இனித் தம் இடம் நிரப்பப்படவே மாட்டாது என அஞ்சுவது இயல்பு. அவ்வச்சம் அடிப்படையற்றது என்று ஒதுக்குவதற்கில்லை. ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தின் கடமைகளைத் தொண்டரைக் கொண்டு நிறைவேற்றும் நிறுவனம் ஊழியரை ஏமாற்றுகிறது. தொண்டரின் நல்லெண்ணத்தையும் தவறாகப் பயன்படுத்துகிறது.

எனவே தொண்டர்கள் சேர்க்கப்படுவதற்கு முன்பே ஊழியர்களைக் கலந்து பேச வேண்டும். தொண்டர் பணி இருக்கும் சேவையை விரிவாக்கவே அன்றி, இருக்கும் ஊழியரைக் குறைக்க அன்று என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். காட்சிக்கூட உதவியாளர் இருபது ஆண்டுகளாக அந்தப் பொருள்களுடன் வாழ்ந்தவர். பயிற்சி வகுப்பில் அவரையும் ஓர் ஆசிரியராக அமர்த்தினால், ஐயம் பாதி அகன்றுவிடும்.

செலவு, பாதுகாப்பு, சட்டம்

தொண்டு செய்வதால் எவரும் கைப்பொருளை இழக்கலாகாது. பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் தரப்படாத இடத்தில், வசதி படைத்தவர்களே தொண்டர்களாக முடியும். அப்பொழுது அருங்காட்சியகத்தின் குரல் ஒரு சிலரின் குரலாகச் சுருங்கிவிடும். நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருவர் துணிக் கூடத்தில் நின்று பேசுவது எவருடைய சொற்பொழிவைக் காட்டிலும் பயனுள்ளது. அவர் வந்துபோகும் செலவை நிறுவனம் ஏற்பது சலுகையாகாது. அது நிறுவனத்தின் தேவை. 1895-இல் தோன்றி, பல்லாயிரம் தொண்டர்களுடன் இயங்கும் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் கைச்செலவைத் திருப்பித் தருவது வழக்கமாகிவிட்ட ஒன்று.

பாதுகாப்பும் அவ்வாறே. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் புதுதில்லியில் இயற்கை வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையானதை நாடு மறக்கவில்லை. வெளியேறும் வழி எது, தீயணைப்பான் எங்குள்ளது, முதலில் யாரை அழைப்பது என்பவற்றை முதல் நாளிலேயே தொண்டருக்குக் காட்ட வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றித் தன்னார்வத்தில் பணிபுரிபவரையும் பணியாளர் என்னும் வரையறைக்குள் வைத்துள்ளது. நிறுவனத்தின் புகார்க் குழு தொண்டர்களுக்கும் உரியது என்பதை அவர்களுக்குத் தெரிவிப்பது தலைமையின் கடமை.

பாராட்டும் மதிப்பீடும்

ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதோடு பாராட்டு முடிந்துவிடுவதில்லை. தொண்டர் எழுதிய குறிப்பு பதிவேட்டில் அவர் பெயருடன் இடம்பெறுவது, அவர் சுட்டிக்காட்டிய பிழை பெயர்ப் பலகையில் திருத்தப்படுவது, அவர் கேட்ட வினாவுக்குக் காப்பாளர் விடை அளிப்பது ஆகியவையே அவரை நிலைக்கச் செய்யும் பாராட்டு. விலக விரும்புபவரை மனக்கசப்பின்றி அனுப்புவதும் நிருவாகத்தின் ஒரு பகுதி. விலகும்போது காரணத்தைக் கேட்டுக் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டின் திட்டம் அதிலிருந்தே உருவாகும்.

தொண்டர் பணியை அளவிட வழியில்லை என்று கூறுவதற்கும் இனி இடமில்லை. பிறருக்காக ஊதியமின்றி, கட்டாயமின்றிச் செய்யப்படும் பணியை அளவிடும் முறைகளை வகுத்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. இந்தியாவில் 2019-இலும் 2024-இலும் நடத்தப்பெற்ற நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் ஊதியமற்ற தன்னார்வப் பணியையும் கணக்கில் கொண்டன. நாட்டளவில் இயலும் கணக்கு ஒரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் இயலும். அதற்கு ஒரு வருகைப் பதிவேடு போதும். எத்தனை மணி நேரம் கிடைத்தது, எத்தனை மணி மேற்பார்வை செலவாயிற்று, எத்தனை பேர் நிலைத்தனர், எந்தப் பணி முடிந்தது என்னும் நான்கு வரிகள் ஆண்டறிக்கையில் இடம்பெற்றால், நிதி கேட்கும்போது அவையே வலுவான வாதமாக அமையும்.

சிறியதில் தொடங்குதல்

இவை அனைத்திற்கும் பெரும் நிதி தேவையில்லை. ஆறு தொண்டர்கள், ஒரு பொறுப்பு அலுவலர், எழுதப்பட்ட பணி வரையறை, பயணப்படிக்கு ஒரு சிறு தொகை, மாதம் ஒருமுறை கூடிப் பேசும் வழக்கம் என்னும் அளவில் எந்த அருங்காட்சியகமும் தொடங்கலாம். ஆறு பேரை ஓராண்டு காலம் நிறைவுடன் வைத்திருக்க முடிந்த நிறுவனமே அறுபது பேரை அழைக்கத் தகுதி பெறுகிறது.

வாலிச் எழுதிய கடிதத்தைக் கழகம் ஏற்றுக்கொண்டதால் ஓர் அருங்காட்சியகம் பிறந்தது. இன்றும் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரோ, ஒரு கல்லூரி மாணவியோ, ஓர் ஊரின் பழைய குளத்தை அறிந்த உழவரோ அத்தகைய கடிதத்துடன் அருங்காட்சியகத்தின் வாயிலில் வந்து நிற்கக்கூடும். அவருக்கு இட இருக்கையும், அவருடன் அமர்ந்து பேச ஓர் அலுவலரும் உள்ளே ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், இருக்கும் இடமே அறியப்படாத சின்னங்களின் பட்டியல் வருங்காலத்தில் மேலும் நீளும்.